டாக்டரம்மாவுக்கு நர்ஸம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பா கேட்டதற்குக் கொசு என்று சொல்லிவிட்டேன். கொசு இல்லை, நீ சொன்ன ஒரு வார்த்தை. "ஒரு வி.எச்.என். வந்து எனக்குச் சொல்லித் தர்றாங்கம்மா" என்றாய். சொன்ன பிறகு உனக்கே உறைத்ததோ என்னவோ, சட்டென்று சாப்பாட்டுப் பக்கம் பேச்சை மாற்றினாய், நானும் சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 31 வருடம் அந்த வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியர், வேலை பார்த்த சம்பளத்தில்தான் உன் டியூஷன் பீஸ் கட்டினேன் என்று வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன்.

சரி, இப்போது கோபம் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் வாட்ஸப்பில் தட்டுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஓ.பி. முடிந்து ஆற அமர உட்கார்ந்து படி.

நீ திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் ஐந்தரை வருடம் இருந்துவிட்டாய். அங்கே ஒரு தாளில் எழுதினால் போதும், எங்கேயோ யாரோ செய்துவிடுவார்கள், யார் செய்தது என்று உனக்குத் தெரியவே வேண்டாம். இப்போது போயிருப்பது கல்வராயன் மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே நீ எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார், அந்த ஆள் உன் கண் முன்னாலேயே நிற்கிறார். வந்து பத்து நாளில் அத்தனை பேர் மேலும் உனக்குக் குறை. பார்மசிஸ்ட் பேச்சைக் கேட்பதில்லை, ஸ்டாப் நர்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புகிறார், லேப்காரர் மெதுவாகச் செய்கிறார். ஏட்டி, முதலில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாயா?

முதலில் என் ஆளை, அந்த வி.எச்.என். சிஸ்டரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த 3,000 பேரில் எந்த வீட்டில் யார் நாள் தள்ளிப்போய் இருக்கிறாள், எவள் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிச் சாம்பல் குழியில் போடுகிறாள், எந்த மாமியார் தடுப்பூசி போட விடமாட்டாள், எவனுக்குக் குடி, இதெல்லாம் அந்த சிஸ்டர் தலைக்குள் இருக்கும். ரெஜிஸ்டரில் பாதிதான் இருக்கும். கர்ப்பிணியைப் பதிந்து பிக்மி என்கிற பதிவு எண் வாங்கிக் கொடுப்பதும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பணம் ஏன் வரவில்லை என்று ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவதும் அவர்தான். பணத்தை நிறுத்தியது வங்கிக் கணக்கில் ஒரு எழுத்துப் பிழையாக இருக்கும், திட்டு மட்டும் சிஸ்டருக்கு.

புதன்கிழமை வரட்டும், தடுப்பூசிப் பெட்டி கிளம்புகிற நேரத்தில் போய்ப் பக்கத்தில் நில். பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே வைக்கமாட்டார். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதோரம் ஆட்டிப் பார்ப்பார், உள்ளே தண்ணீர் சலசலவென்று கேட்டால்தான் வைப்பார். ஐந்து நோய்க்குப் போடுகிற பென்டாவேலன்ட் மாதிரியான ஊசி மருந்து உறைந்துபோனால் வீண், போட்டும் போடாத மாதிரிதான், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கணும் என்று நீ பரீட்சையில் எழுதியிருப்பாய், நான் அந்தச் சலசலப்பைக் கேட்டே பாதி ஆயுசைக் கழித்தவள். அம்மை ஊசி மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரம்தான், அதற்குமேல் மிச்சம் இருந்தால் கொட்டணும், "ஏழைப் பிள்ளைக்குப் போடுற மருந்தைக் கொட்டுறியே" என்று ஒரு ஆச்சி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

ஒரு கதை சொல்கிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1996, நீ பிறப்பதற்கு முந்தி. அம்பாசமுத்திரம் பக்கம் நான் இருந்த ஊர், எந்த ஊர் என்பது வேண்டாம். தலைப்பிரசவக்காரி ஒருத்தி, எட்டாம் மாதம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த டாக்டர், உன் வயதுதான் இருக்கும், பிரஷர் 140-க்கு 90 என்று எழுதிவிட்டு, கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதான், அடுத்த வாரம் வரட்டும் என்றார். அவளை எனக்கு நாலாம் மாதத்திலிருந்து தெரியும் டாக்டர், முகமே மாறியிருக்கு என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். கையில் கண்ணாடி வளையல் சதைக்குள் பதிந்து கிடக்கிறது, தலை இடிக்கிறது, கண்ணுக்கு முன்னால் மினுக் மினுக்கென்று என்னமோ தெரிகிறது என்கிறாள். சிறுநீரைப் பிடித்து டெஸ்ட் டியூபில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன், பால் திரிந்த மாதிரி திரிந்துவிட்டது, ஆசிட் சொட்டு விட்டும் தெளியவில்லை, சிறுநீரில் புரதம் போகிறது.

108 எல்லாம் அப்போது ஏது, அது 2008-இல் வந்தது. ஊரில் ஒருவரிடம் அம்பாசடர் கார் இருந்தது, காலில் விழாத குறையாகக் கேட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பத்தமடை தாண்டும்போது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. மடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாக்கைக் கடித்துவிடாமல் பார்த்து, மேலப்பாளையம் நெரிசலில் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டி, எப்படியோ ஹைகிரவுண்டில் சேர்த்தோம். இரண்டு உயிரும் பிழைத்தது. பிள்ளை 1.8 கிலோ.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லணும். மறுவாரம் என் துணை சுகாதார நிலையத்துக்குத் தேடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் ஓ.பி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், "சிஸ்டர், இன்னைக்கு யாரை நான் நல்லாப் பார்க்கணும்?" என்று கேட்பார். நாலு வருடம் கேட்டார், மாற்றலாகிப் போகும்வரை.

இனி பார்மசிஸ்ட் அண்ணாச்சி. (அங்கே அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிடாதே, அவர் நீ மளிகைக்கடைக்காரரைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார்.) நீ எழுதின மருந்தை அவர் மாற்றிவிட்டார் என்கிறாயே, நீ என்ன எழுதினாய்? கம்பெனிப் பெயர் எழுதியிருப்பாய். அரசு மருந்தெல்லாம் மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குவது, அந்தக் கழகம் 1994-இல் வந்தது, அங்கே மருந்தின் மூலப்பெயர்தான் பேச்சு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், இன்ன தொகைக்குள் எடுத்துக்கொள் என்று. அந்தப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு, கிடங்கில் என்ன இருக்கிறது, எது முதலில் காலாவதி ஆகும், வரப்போகிற மழைக்காலத்துக்கு வயிற்றுப்போக்குப் பொட்டலம் போதுமா, பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கு என்று கணக்குப் போடுகிறவர் அவர். நீ ஒரு மாதத்துக்கு எழுதி அவர் பதினைந்து நாளுக்குக் கொடுத்தால், அடுத்த ஆளுக்கும் வேண்டும் என்று வைத்திருப்பார். நியாயம் இல்லாமலும் செய்யலாம், மனுஷர்தானே. ஆனால் கேட்டுவிட்டுக் கோபப்படு. வாரம் ஒருநாள் மருந்து அறைக்குப் போய் அவரோடு டீ குடி, பாதிச் சண்டை இருக்காது.

லேப்காரர் மெதுவாகச் செய்தால் சந்தோஷப்படு. மலையில் பாம்புக்கடி வராமல் இருக்காது. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் வைத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறதே, அதற்குக் கண்ணாடிக் குழாய் சுத்தமாக, காய்ந்ததாக இருக்கணும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தம்கூட உறையாது, பிளாஸ்டிக் குழாயும் ஆகாது. அந்தக் குழாயைத் தனியாக எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிற ஆளா அவர் என்று மட்டும் போய்ப் பார். வைத்திருந்தால் அவரை அவசரப்படுத்தாதே.

ஸ்டாப் நர்ஸ் ராத்திரி எழுப்பினால் எழுந்து போ. இதில் பேச்சே இல்லை. ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாகப் பிரசவ அறையில் நிற்கிறவள், நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அவளுக்கு நிமிடங்கள்தான் இருக்கு. பத்துத் தடவை சும்மா எழுப்பட்டும்.

சுகாதார ஆய்வாளரைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை, அவர் வெயிலில் சுற்றுவதால் கண்ணில் படுவதில்லை போலிருக்கு. 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா, தாமிரபரணி ஊருக்குள் வந்ததே. நான் அப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன், வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறேன், நம் பக்கத்து ஆய்வாளர் முழங்கால் சேற்றில் பிளீச்சிங் பவுடர் வாளியோடு மேல்நிலைத் தொட்டிக்குப் போகிறார். தொட்டியில் போட்டால் மட்டும் ஆகாது, கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் குறைந்தது 0.2 பி.பி.எம். காட்டணும், அதனால் தெருக்கோடிவரை நடந்து குழாய் குழாயாகப் பிடித்துப் பார்த்தார். உன் ஓ.பி.யில் ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் வாந்தி பேதியென்று வந்தால், நாலாவது ஆள் வரும்வரை காத்திராமல் அவருக்குப் போன் போடு. சீட்டு எழுதுகிற டேட்டா என்ட்ரிப் பிள்ளையிடமும் சொல்லி வை, எந்த ஊர்க்காரர்கள் திடீரென்று அதிகம் வருகிறார்கள் என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரையும் மறந்துவிடாதே. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எனக்கு மாத்திரை கொண்டுவருகிறவள் யார் தெரியுமா, நான் பி.சி.ஜி. போட்ட பிள்ளை. போன மாதம் வந்து ஸ்ட்ரிப்பை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, ஆறு மாத்திரை மிச்சம் இருக்கு, ஒழுங்காப் போடலையா?" என்று கேட்கிறாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று, அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

கடைசியாகத் தூய்மைப் பணியாளர். நீ அவரைப் பற்றிச் சொல்லும்போது 'ஆயா' என்றாய். அவருக்குப் பெயர் இருக்கும். பிரசவ அறையைக் கழுவி, ரத்தம் தோய்ந்ததை மஞ்சள் பையில் போட்டு, நீ தவறிச் சிவப்பு வாளியில் போட்ட ஊசியைப் பொறுக்கி எடுத்து வெள்ளை டப்பாவில் போடுகிறவர் அவர். அந்த ஊசி குத்தினால் அவருக்குத்தான் குத்தும். ஊசியை நீயே சரியான இடத்தில் போடு. அப்புறம், டீ வருகிற நேரத்தில் கவனி. அவருக்கென்று ஒரு தனி டம்ளர் ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தால், யாரிடமும் கேட்காமல் அதைத் தூக்கிப் போட்டுவிடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு டம்ளரைப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஐந்து வருடம் பேசாமல் இருந்தேன். எனக்கு இருந்த பயம் உனக்கு வேண்டாம், நீ டாக்டர்.

கை வலிக்கிறது. பார்சலில் கருப்பட்டி, இட்லிப்பொடி, அப்பாவின் பழைய ஸ்வெட்டர் மூன்றும் போட்டிருக்கிறேன், மலைக் குளிருக்கு அந்த ஸ்வெட்டர்தான் லாயக்கு, நிறத்தைப் பார்க்காதே. கருப்பட்டி உனக்கு மட்டும் இல்லை, கூடுதலாக வைத்திருக்கிறேன்.

அந்த சிஸ்டர் உனக்கு என்ன சொல்லித் தந்தார் என்று நீ சொல்லவே இல்லை. அவர் பெயரும் சொல்லவில்லை. இரண்டையும் எழுது.

அம்மா