மலையேறப் போகும் மகளுக்கு

சுன்னாகம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய செய்தியை வாசித்த அன்று மாலையே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். தொலைபேசியில் நாங்கள் இருவரும் என்ன சமைத்தாய், மழை பெய்ததா என்பதற்கு மேல் போவதில்லை என்பது உனக்கும் தெரியும். ஸ்கொட்லாந்தில் உள்ள பென் நெவிஸ் மலையில் வழிகாட்டிகளோடு ஏறப் போவதாகவும், மார்பகப் புற்றுநோய்க்குப் பணம் சேர்க்கும் அமைப்பொன்று அந்த நடையை ஒழுங்கு செய்வதாகவும் எழுதியிருந்தாய். அம்மாவின் பெயரைப் போட்டுப் பணம் கேட்கலாமா, ஊரில் உள்ள சொந்தக்காரர் குறை நினைப்பார்களா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அம்மாவின் முழுப்பெயரைப் போடு. அம்மாவுக்கு வந்த நோயின் பெயரையும் அதற்குப் பக்கத்தில் மறைவில்லாமல் எழுது. 'நீண்டநாள் சுகவீனம்' என்று மரண அறிவித்தலில் நான் போட்டது போல நீ போடாதே.

அந்த நாட்களில் நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி அம்மாவின் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது, கச்சான் கொட்டை அளவில். நோவில்லை. நோவில்லாத கட்டியையும் உடனே காட்ட வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை; நோகாததைப் பெரிதாக்குவானேன் என்று அம்மா விட்டுவிட்டார். ஆகஸ்டில் போர் மூண்டு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. சீனிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடியப்புறமே வரிசையில் நின்று, ஊரடங்குக்கு முன் வீடு திரும்பிய அந்தக் காலத்தில், தன் உடம்பைப் பற்றிக் கதைப்பதற்கு ஏற்ற நேரம் ஒன்று வரும் என்று அவர் காத்திருந்திருக்க வேண்டும். தோல் உள்ளே இழுபட்டுச் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னார். அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.

சத்திரசிகிச்சை இங்கேயே முடிந்தது. கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பிரயாண அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்து, காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். நெஞ்சில் தையல் ஆறாத ஒரு பெண் கப்பல் தளத்தில் சாய்ந்து இருக்க இடம் தேடியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உனக்கு நாங்கள் சொன்னது கண் ஒப்பரேசன் என்று. அயலவருக்குச் சொன்னது நாரி வருத்தம் என்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத பொய்கள். எவரும் துருவிக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கக்கூடாத வருத்தம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏன் மறைத்தோம் என்பதை உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. பெண்பிள்ளை இருக்கிற வீடு, நாளைக்குச் சம்பந்தம் பேசி வருபவர்கள் பரம்பரை வருத்தம் என்று பின்வாங்கிவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். நானும் அதற்கு உடன்பட்டேன். பௌதிகவியல் படிப்பித்த எனக்கு, அந்த நோய் பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 பேரில்தான் என்பதை ஒரு வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொள்ளும் அளவுக்குக்கூட அன்று துணிவு இருக்கவில்லை. உன்னைக் காரணமாக வைத்து நாங்கள் வாய் மூடியிருந்தோம். அந்தப் பயம் எங்களுடையது, பிள்ளை. உன்மேல் அதில் ஒரு துளி பாரமும் இல்லை.

அம்மாவின் செத்தவீட்டில், பிரேதம் எடுத்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண் உன் மாமியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தனக்கும் அப்படி ஒரு கட்டி இருப்பதாகக் காதோடு சொல்லியிருக்கிறார். மாமி எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும் வரைகூட நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே அவரைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டினார். அந்தப் பெண் இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறார். அம்மா இருந்தபோதே நாங்கள் உள்ளதைச் சொல்லியிருந்தால், அவர் தன் கட்டியை அத்தனை மாதம் தனியாகச் சுமந்திருக்க மாட்டார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நான் மாறியது 2011இல். அந்த ஆண்டு தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்குப் பணம் சேர்த்தார்கள். சிலர் முழுத் தூரமும் நடந்தார்கள், பலர் ஒரு நாள் இரண்டு நாள் சேர்ந்துகொண்டார்கள். குடாநாட்டுக்குள் அவர்கள் நடந்த ஒரு காலையில் நானும் போய்ச் சேர்ந்தேன். எவருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் நடந்து வந்தவர் என் வயதை ஒத்த ஒரு சிங்களப் பெண்மணி. குதிக்காலில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார், ஆனாலும் நடை தளரவில்லை. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். ஏன் நடக்கிறீர்கள் என்று ஒருவாறு கேட்டேன். 'அம்மா' என்றார். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றே. பிறகு நெஞ்சில் கையை வைத்து 'பிளிகா' என்றார். புற்றுநோய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. நடுவீதியில், வெயிலில், முன்பின் அறியாத ஓர் ஆணிடம், தலை குனியாமல் அதைச் சொன்னார். என் மனைவிக்கும் அதுதான் என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான், அதுவும் அவருடைய மொழியில்.

அந்த வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. அம்மாவோடு நான் கப்பலேறிப் போன சிகிச்சைக்கு இன்று எங்கள் ஊரவர்கள் காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் போகிறார்கள். 2016இல் மறுபடி நடந்தார்கள், இந்த முறை பருத்தித்துறையில் தொடங்கித் தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டியில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக. வடக்கில் உள்ள எங்களுக்காக நடந்துவந்த பாதையில் தெற்கில் உள்ளவர்களுக்காகவும் நடந்தார்கள். நடையால் என்ன வந்துவிடும் என்று உன்னிடம் எவரும் கேட்டால் தெல்லிப்பழையைச் சொல்லு.

இனி மலையைப் பற்றி. மலை என்று பெயருக்குக் கீரிமலை மட்டும் உள்ள ஊரில் பிறந்த நீ, 1345 மீற்றர் ஏறப் போகிறாய்; அதுவும் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே தொடங்கும் ஏற்றம் என்பதால் அந்த எண்ணில் கழிவு ஒன்றும் கிடைக்காது. ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்று வகுப்பில் உனக்கும் சொல்லித் தந்திருக்கிறேன். அடிவாரத்தில் வெயில் எறித்தாலும் உச்சியில் உறைகுளிர் இருக்கலாம். கோடையிலும் அங்கே பனிக்கட்டி கிடப்பதுண்டு. புதுச் சப்பாத்தோடு போகாதே. இப்போதே வாங்கி, மாடிப்படி ஏறி இறங்கி, மழையில் நனைத்து, காலுக்குப் பழக்கு. பருத்தித் துணியில் காலுறையும் உள்ளாடையும் வேண்டாம், நனைந்தால் காயாது. எள்ளுப்பாகு அனுப்புகிறேன், கையுறையைக் கழற்றாமல் எடுத்துக் கடிக்கக்கூடிய அளவில் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மலையின் உச்சியில் இடிந்த கட்டடம் ஒன்று நிற்கும். 1883 முதல் 1904 வரை அது வானிலை அவதான நிலையமாக இருந்தது. நீங்கள் ஏறப் போகும் பாதையே அந்த நிலையத்துக்குக் குதிரைகளில் சாமான் ஏற்றுவதற்காக வெட்டிய பாதை. 1894 செப்டெம்பரில் சி. ரி. ஆர். வில்சன் என்ற இளைஞர் இரண்டு கிழமை அங்கே தங்கி, முகிலின்மேல் விழுந்த நிழல்களைச் சுற்றித் தோன்றிய ஒளிவளையங்களைப் பார்த்து, அதை ஆய்வுகூடத்தில் உண்டாக்க முயன்றார். அதிலிருந்து பிறந்ததுதான் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் கீறிக் காட்டிய முகிலறை, கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் போன தடத்தைக் காட்டும் பெட்டி. 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகரகமவில் அம்மா உள்ளே போனதும் கதவு மூடப்பட, வெளியே வாங்கில் இருந்து நான் நினைத்ததெல்லாம் அந்தத் தடங்களைத்தான். அந்தச் சுவரடியில் ஒரு நிமிடம் நின்று பார், எனக்காக.

வழிகாட்டியின் சொல்லை மட்டும் மீறாதே. என் பெரியம்மா செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். முருகனின் வேலைத் தாங்கி ஒருவர் முன்னே போவார், காட்டுக்குள் அவரைத் தாண்டி எவரும் கால் வைப்பதில்லை என்று சொல்லுவார். தண்ணீர் எங்கே இருக்கிறது, யானை எந்த நேரத்தில் பாதையைக் கடக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பென் நெவிசின் உச்சி பெரும்பாலும் முகிலுக்குள் இருக்கும். வடக்குப் பக்கம் செங்குத்தான பாறை. வழியைக் காட்டும் கல் குவியல்களையும் திசைகாட்டியையும் பார்க்காமல் பனிமூட்டத்தில் இறங்குபவர்கள் விளிம்புக்குப் போய்விடுகிறார்கள். பாதி வழியில் திரும்புவோம் என்று வழிகாட்டி சொன்னால் உடனே திரும்பு. உனக்குப் பணம் தந்தவர்கள் எவரும் உயரத்துக்கு இவ்வளவு என்று அளந்து தரவில்லை.

பணம் பற்றி என் கண்டிப்பான எண்ணம் ஒன்று உண்டு. பதிவுக் கட்டணம், தங்குமிடம், வழிகாட்டியின் கூலி ஆகியவற்றைச் சேர்க்கும் பணத்திலிருந்து கழிக்கும் நடைகளும் இருக்கின்றன. உன் நடை எப்படி என்று அவர்களிடம் கேட்டு அறி. அப்படியானால் அந்தச் செலவை நீ உன் சம்பளத்தில் கட்டிவிடு; பிறர் தரும் ஒவ்வொரு பவுணும் நோய்க்கே போகட்டும். பிரித்தானியாவில் வரி கட்டுபவர்கள் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் என்ற முறையில் ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து கூடுதலாகப் பெறலாம். அதற்கு அவர்கள் படிவத்தில் சம்மதம் குறிக்க வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள், நினைவூட்டு. எங்கள் ஆட்களிடம் கேட்கக் கூச்சப்படாதே. கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் கேட்காமலே அனுப்புகிறவர்கள் இதற்குத் தயங்கினால், அந்தச் சொல்லைத் தங்கள் வீட்டில் இன்னும் உச்சரிக்கவில்லை என்றுதான் பொருள். அவர்களிடம் பணம் வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பெண் அன்றிரவு கட்டி உண்டா என்று தன்னைத் தடவிப் பார்த்தால் போதும்.

அதை நீயும் செய்கிறாயா? அங்கே 50 வயதிலிருந்துதான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் படப் பரிசோதனைக்கு அழைப்பு வரும் என்று அறிந்தேன். உனக்கு அந்த வயது வரக் கனகாலம் உண்டு. உன் குடும்ப வைத்தியரிடம் அம்மாவுக்கு எத்தனை வயதில் வந்தது என்று சொல்லு, 46 என்று சொல்லு. முன்கூட்டியே பார்க்க வேண்டுமா என்று அவர் தீர்மானிக்கட்டும். மலைக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிட்டு எனக்கு அறிவி. மலைக்குப் போகாமல் விட்டாலும் இதை விடாதே.

சொந்தக்காரர் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் மாமி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, உன் நடையைப் பற்றியும் அம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய் என்பதையும் நானே எழும்பி நின்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு உன் சின்னம்மா, அக்காவைப் பற்றி இத்தனை வருடத்தில் முதன்முதலாக ஒருவர் உள்ளதைச் சொன்னார் என்று அழுதார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்கு நடக்கும் பரிசோதனைக்கு அடுத்த கிழமை மூன்று பேர் சேர்ந்து போகிறார்களாம். நீ பணம் சேர்க்கும் இணையப் பக்கத்துக்கு அவர்கள் அனுப்பும் காசை நான் சேர்த்து வைத்திருக்கிறேன், என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கும் அதில் இருக்கிறது.

நீங்கள் காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கும்போது இங்கே பதினொன்றரை மணி. அந்த வெயிலில் என்னால் நடக்க முடியாது. ஆகையால் அன்று விடியற்காலையிலேயே வீட்டிலிருந்து புறப்பட்டுத் தெல்லிப்பழை வைத்தியசாலை வாசல்வரை நடந்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி, தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன். உச்சியில் நின்று எடுக்காதே. காற்றில் ஒன்றும் கேட்காது, கையும் விறைத்திருக்கும். இறங்கும்போதுதான் முழங்கால் சோர்ந்து கால் தடுக்கும், கவனம் முழுவதும் அதில் இருக்கட்டும். கீழே வந்து, சப்பாத்தைக் கழற்றி, சூடாக ஏதாவது குடித்த பிறகு எடு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா