விசாரணை சரியாக நடக்காவிட்டால் புகார் கொடுத்தவருக்கே இழப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்லூரிகள் திறந்ததும் அறிவிப்புப் பலகைகளில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் ‘உள்ளகப் புகார்க் குழு’ என்ற தலைப்பில் ஒரு தாள் ஒட்டப்படுவது வழக்கம். வாய்மொழித் தேர்வுப் பணிக்காக அண்மையில் ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தபோது அந்தத் தாளை நின்று படித்துப் பார்த்தேன். அதில் இருந்த உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது எனக்குத் தெரியும். வெளி உறுப்பினரின் பெயருக்கு எதிரே அச்சிடப்பட்டிருந்த கைப்பேசி எண்ணில் ஒன்பது இலக்கங்களே இருந்தன. யாராவது ஒரு மாணவி அந்த எண்ணை அழைக்க முயன்றிருந்தால் அந்தப் பிழை என்றோ திருத்தப்பட்டிருக்கும். யாரும் முயலவில்லை என்பதற்கும் யாருக்கும் தொல்லை இல்லை என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை, இத்தகைய குழு ஒன்றில் ஆறு ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் நான் அறிவேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

குழு அமைப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். 1997ஆம் ஆண்டு விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு தனியே வகுத்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் நம்மிடம் உள்ளன. இன்றும் அலுவலகங்களில் ‘விசாகா கமிட்டி’ என்றுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவிடம் ஒரு புகார் வந்த பிறகு அது எப்படி விசாரிக்கப்படுகிறது, விசாரிப்பவர்களுக்கு அந்த வேலை தெரிகிறதா என்று நாம் கேட்பதே இல்லை.

கோவா பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு அங்கே அரசியல் அறிவியல் துறையின் தலைவர் மீது மாணவிகள் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார்கள். குழு ஏப்ரல் மாதம் விசாரணையைத் தொடங்கி, ஜூன் முதல் வாரத்திலேயே அறிக்கையைக் கொடுத்தது. கடைசிக் கட்டத்தில் அமர்வுகள் அடுத்தடுத்த நாட்களில் வைக்கப்பட்டன. எதிர்த்தரப்பினரான அந்தத் துறைத்தலைவர் கேட்ட கால அவகாசமும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் முறையாகக் கிடைக்கவில்லை. 2010 ஜனவரியில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2012இல் மும்பை உயர் நீதிமன்றமும் அவரது மனுவை ஏற்கவில்லை. ஆனால் 2023 மே 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை 2009 மே மாதத்தில் நின்ற இடத்திலிருந்து மறுபடி நடத்துமாறு குழுவுக்கே திருப்பி அனுப்பியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று குழு காட்டிய பதற்றமே அவர்களுக்குக் கூடுதல் தீங்காக முடிந்தது என்று நீதிபதிகள் வருத்தத்துடன் குறிப்பிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள்! புகார் கொடுத்த மாணவிகள் படிப்பை முடித்து, வேலைக்கும் குடும்பத்துக்கும் போய்விட்ட காலத்தில், மறுபடி வந்து சொல்லுங்கள் என்று அவர்களை எப்படி அழைப்பது?

இதை நான் தொலைவிலிருந்து சொல்லவில்லை. என் குழுவிலும் இப்படியொரு தவறு நடந்தது. புகார்தாரர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையோ புகாரின் உள்ளடக்கத்தையோ வெளியிடச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடை விதிப்பதால், அந்தப் புகார் என்ன என்பதை நான் எழுதப்போவதில்லை. நாங்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன். பருவத் தேர்வு தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள் என்று நிர்வாகத்திலிருந்து சொன்னார்கள். எங்களுக்கும் வகுப்புகள், விடைத்தாள்கள், அகமதிப்பீட்டு வேலைகள் இருந்தன. விசாரணைக்கென்று தனி அறை இல்லாததால், மாணவர்கள் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கும் அலுவலகத்தை ஒட்டிய கண்ணாடிக் கதவு அறையில் உட்கார்ந்தோம். அந்த மாணவியும் அவள் யார் மீது புகார் கொடுத்தாளோ அவரும் வெளியே ஒரே பெஞ்சின் இரு முனைகளில் காத்திருந்தார்கள். அதைப் பார்த்தும் எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட எழுந்து போய் அவளை வேறிடத்தில் உட்கார வைக்கத் தோன்றவில்லை. அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் சுருக்கமாக எழுதிக்கொண்டோம். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. சாட்சிகளின் வாக்குமூல நகலை எதிர்த்தரப்பினருக்குக் கொடுக்கவில்லை. ஓர் அமர்வில் வருகைப் பதிவில் இருந்தவை இரண்டு கையெழுத்துகள் மட்டுமே. குழுவின் தலைமை அலுவலர் உட்பட மூவராவது இருந்தாக வேண்டும் என்பது விதி. அறிக்கையை ஒரே மாலையில் எழுதி முடித்தோம்.

மேல்முறையீட்டில் அந்த அறிக்கை நிற்கவில்லை. மறுவிசாரணை என்று முடிவானபோது அவள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலையில் இருந்தாள். தொலைபேசியில் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டாள்: “மேடம், அப்போ நான் சொன்னது பொய்னு ஆயிடுச்சா?” நீ சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லையம்மா, நாங்கள் செய்த வேலைதான் சரியாக இல்லை என்று பதில் சொன்னேன். அவள் மறுவிசாரணைக்கு வரவில்லை. வராததற்கு அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

விதிகளில் எல்லாம் இருக்கின்றன. புகார் வந்த ஏழு நாட்களுக்குள் அதன் நகலை எதிர்த்தரப்பினருக்கு அனுப்ப வேண்டும். அவர் பத்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். அடுத்த பத்து நாட்களில் அறிக்கை போக வேண்டும். தொண்ணூறு நாள் என்பது நிதானமாக விசாரிக்கப் போதுமான காலம்தான். நாம் அதில் அறுபது நாளைக் கூட்டம் கூட்டுவதிலேயே கழித்துவிட்டு, கடைசி நாட்களில் ஓடுகிறோம். துணைவேந்தர், பதிவாளர், புல முதல்வர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் குழுவில் இருக்கக்கூடாது என்று மானியக் குழுவின் விதிமுறை தெளிவாகச் சொல்கிறது; துறைத்தலைவர் ஒருவராவது இடம்பெறாத பட்டியலை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர் குழுவில் இருக்க வேண்டும். அந்தத் தேர்தல் நடந்த கல்லூரி எது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முனைவர் பட்ட மாணவிகளின் நிலை இன்னும் கடினம். புகார் கொடுக்க மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் என்பது சட்டம் தரும் அவகாசம். ஆனால் ஆய்வு நெறியாளர் கையொப்பமிடாமல் ஆய்வேடு நகராது, உதவித்தொகையும் வராது. அந்த நெறியாளர் மீதே புகார் என்றால், ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வாய்மொழித் தேர்வும் முடியட்டும் என்று அவள் காத்திருப்பாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று குழு கைவிரிக்கும். தொடர்ச்சியான நிகழ்வுகள் என்றால் கடைசி நிகழ்விலிருந்துதான் காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று அதே சட்டப் பிரிவு சொல்வதை எத்தனை உறுப்பினர்கள் படித்திருக்கிறார்கள்? புகார் நிலுவையில் இருக்கும்போது எதிர்த்தரப்பினர் அவளுடைய ஆய்வையோ தேர்வையோ மதிப்பிடக்கூடாது என்று இடைக்கால ஏற்பாடு செய்யக் குழு பரிந்துரைக்கலாம். நடைமுறையில் என்ன சொல்கிறோம்? “கொஞ்ச நாள் வீட்டில் போய் இரும்மா” என்று அவளிடம்தான் சொல்கிறோம். அதைவிடக் கொடுமை, புகார் வந்த மறுநாளே அவளைக் கேட்காமல் பெற்றோரை அழைத்துச் சொல்வது. இருபது வயதைக் கடந்த பெண் அவள். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்திலேயே பாதிப் புகார்கள் வாய்க்குள் அடங்கிவிடுகின்றன என்பதை என்னிடம் பேசிய மாணவிகள் வழியாகவே அறிந்தேன்.

சாதிப் பாகுபாடு பற்றிய புகார்களுக்கு இந்த அளவு ஏற்பாடுகூட இல்லை. மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன. அவரும் அதே நிறுவனத்தின் பேராசிரியர். அன்றாடம் உடன் பணிபுரிபவரைத் தனியாளாக விசாரிக்க வேண்டும். வகுப்பு நடுவே உதவித்தொகைப் பட்டியலை எடுத்து, பெயர்களை உரக்க வாசித்து, ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் பெயரைச் சரிபார்த்தேன் என்பார்கள். பாகுபாடு பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே சொல்லில் நடந்து முடிவதில்லை. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில், ஆய்வகத்தில் யாரை யாரோடு சேர்ப்பது என்பதில், நெறியாளர் ஒதுக்கீட்டில் அது சிறிது சிறிதாகச் சேர்கிறது. எனவே ‘அவர் அப்படிச் சொன்னாரா, இல்லையா’ என்று இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்துக் கேட்பதோடு இந்த விசாரணை முடியாது. நான்கைந்து ஆண்டுகளின் மதிப்பெண் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் குற்றச்சாட்டு எழுந்த நிலையில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்களான ரோஹித் வெமுலா, பாயல் தாட்வி ஆகியோரின் தாயார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது இந்த விதிகள் காகிதத்திலேயே இருக்கின்றன என்பதற்காகத்தான்.

ஒடிசாவின் பாலசோரில் 2025 ஜூலை மாதம், துறைத்தலைவர் மீது புகார் கொடுத்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் நடவடிக்கை இல்லையென்று மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கேயும் குழு இருந்தது.

தமிழ்நாட்டு உயர்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள், புதிய சட்டம் எதுவும் வேண்டாம், இந்த வேலையைப் பயிற்சி வேண்டிய வேலையாக நடத்துங்கள் என்பதே. வாக்குமூலத்தை எப்படிப் பதிவு செய்வது, இரு தரப்பையும் முறையாகக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதி என்றால் என்ன, அதிர்ச்சியில் இருக்கும் ஒருவரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியோடு ஆண்டுக்கு மூன்று நாட்களாவது கற்றுக்கொடுங்கள். உறுப்பினர்களுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகளைக் குறையுங்கள். குறிப்பெடுக்க, இரகசியம் காக்கும் உறுதிமொழி எடுத்த எழுத்தர் ஒருவரைக் கொடுங்கள். எதிரெதிரே இரண்டு வாசல்கள் உள்ள ஓர் அறையைக் கொடுங்கள். தர மதிப்பீட்டுக் கோப்புகளில் ‘இந்த ஆண்டு புகார் ஏதும் இல்லை’ என்று எழுதி மதிப்பெண் தேடும் பழக்கத்தை நிறுத்துங்கள். எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தொண்ணூறு நாட்களுக்குள் முடிந்தன, எத்தனை மேல்முறையீட்டில் நின்றன என்பதைக் கல்லூரிவாரியாக வெளியிடுங்கள்.

அதற்கெல்லாம் காலம் ஆகும் என்றால், கல்லூரிக் கல்வி இணை இயக்குநர்கள் தங்கள் மண்டலத்தில் ஒட்டப்பட்டுள்ள ஒவ்வொரு பட்டியலையும் எடுத்து, அதில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் இந்த மாத இறுதிக்குள் ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைப் பேராசிரியர் ஒருவர்,
மதுரை.

(மேலே சொன்ன காரணத்தால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)