மூக்கைப் பொத்திக்கொண்டு உதவியவர்களுக்கு

வணக்கம்.

எங்கள் பாலர் பள்ளியின் நீல டிரம்மை நேற்றுத் திறந்தோம். மூன்று மாதமாக உள்ளே போட்ட பழத்தோல், கீரைத்தண்டு, தேயிலைச் சக்கை எதுவும் கண்ணில் படவில்லை. கறுப்பாக, பொலபொலவென்று, மழை நனைத்த மண்வாசனையோடு எரு மட்டுமே இருந்தது. "டீச்சர், குப்பை எங்க ஓடிப்போச்சு?" என்று ஒருத்தி டிரம்முக்குப் பின்னால் போய்த் தேடினாள்.

ஜெலுத்தோங் சந்தைக் காய்கறிக்கடை அண்ணே, வாரம் இருமுறை முட்டைக்கோஸ் இலைகளை எங்களுக்காக ஒதுக்கி வைத்தீர்கள். நன்றி. தேயிலைச் சக்கை சேர்த்துக் கொடுத்த ஒட்டுக்கடை (சாலையோரச் சிறுகடை) அக்காவுக்கும் நன்றி. டிரம்மில் காற்றுத் துளை போட்டுக் கொடுத்த அப்பா ஒருவர், மூடிமேல் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வருமென்று சாய்வாக ஒரு தகரமும் பொருத்திவிட்டுப் போனார். எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, உங்களை எல்லாம் மூக்கைப் பொத்தவைத்த அந்த டிரம் நாற்றத்துக்கு வருகிறேன். தவறு என்னுடையது. ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தவள், விளையாட்டுப் போட்டியன்று மிஞ்சிய தர்ப்பூசணித் தோலை எல்லாம் இலையே இல்லாமல் கொட்டவைத்தேன். ஈரம் மிஞ்சினால் உள்ளே காற்று நுழையாது. அப்புறம் மக்குவதற்குப் பதில் அழுகத்தான் செய்யும். வகுப்பறைவரை வீசியது.

பேரனை அழைத்துப்போக வந்த பாட்டிதான் காப்பாற்றினார். ரப்பர் தோட்டத்தில் மாட்டுச் சாண எருக்குழி பார்த்து வளர்ந்தவர். "மூச்சு விட இடமில்லாம அமுக்கிட்டியேம்மா" என்றபடி சேலையைச் செருகிக்கொண்டு கிளறத் தொடங்கினார். காய்ந்த இலையைக் கலந்து, ஒரு பிடி அள்ளிப் பிழிந்து காட்டினார்: "ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு வரலாம். ஒழுகக் கூடாது." நான் வண்ணம் தீட்டி ஒட்டிய அட்டைகள் சுவரில் சும்மா தொங்குகின்றன. பிள்ளைகள் இன்றும் பிழிந்துதான் பார்க்கிறார்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள்.

பின்வீட்டுச் சீனப் பாட்டி, நாங்கள் 'ஆ மா' என்று கூப்பிடுபவர், நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வந்தார். மறுநாள் தன் ரம்புத்தான் மரத்துச் சருகை ஒரு சாக்கு நிறையக் கட்டி வேலியோரம் வைத்திருந்தார். அந்தச் சாக்கை நான் மறக்கமாட்டேன்.

டிரம்முக்குள் நெளிந்த கொழுகொழு புழுக்களின் படத்தை வாட்சாப்பில் பார்த்துப் பதறிய பெற்றோர்களே, பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கடிக்காது, சமையல் கழிவைத் தின்று தீர்க்கும். இப்போது பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் பெயரும் ஒன்றுக்கு உண்டு.

பினாங்குத் தீவின் குப்பை கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால் அருகே உள்ள பூலாவ் பூரோங் குப்பைக்கிடங்குக்குப் போகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, "வாழைப்பழத் தோல் கடலைத் தாண்டுமா?" என்று கேட்டான் ஒருவன். அவனேதான் தன் அழிரப்பரை ரகசியமாக டிரம்முக்குள் போட்டவன். நேற்று அது அப்படியே வெளியே வந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம் டீச்சர்" என்கிறான்.

பாட்டியின் கறிவேப்பிலைச் செடிக்கும் ஆ மாவின் மரத்துக்கும் எரு கொடுத்தாயிற்று. சந்தை அண்ணே, உங்கள் பை என் மேசைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாலர் பள்ளி டீச்சர், பினாங்கு