பிரேக்கின் ரப்பர் சீலை மட்டும் மாற்றினால் கசிவு நிற்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரை, கேலிப்பரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின்மேல் பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) பிரேக் ஆயில் கசிந்தால் 'சீல் கிட் வாங்கி மாற்றினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பி வேலை பார்த்தால் சில மாதங்களில் அதே சக்கரம் மறுபடி ஈரமாகும். சீல் எனும் ரப்பர் வளையத்தைக் கழற்றி மாட்டுவது இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. பழைய வளையம் ஏன் தோற்றது என்று கண்டுபிடிப்பதில்தான் பாடு இருக்கிறது.

டிரையம்ப், எம்ஜி, போர்ஷே 911 போன்ற 1960-70களின் கார்களில் முன்சக்கரக் கேலிப்பர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இரண்டு பாதிகளை போல்ட்டால் இணைத்திருப்பார்கள். டிஸ்க்கின் இருபுறமும் எதிரெதிரே, ஆயில் அழுத்தத்தில் நகர்ந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும். பிஸ்டன் நகரும் துளையின் உட்சுவரில் ஒரு காடி வெட்டி, சதுர வெட்டுமுகம் கொண்ட ரப்பர் வளையத்தை அதில் உட்கார வைத்திருப்பார்கள். பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போகிறது, வளையம் அதோடு சற்றே வளைகிறது. காலை எடுத்ததும் வளையம் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. பேடு டிஸ்க்கை உரசாமல் விலகி நிற்பது இதனால்தான். ஆக, ஆயிலை அடைத்து வைப்பதும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பதும் ஒரே வளையத்தின் பொறுப்பு.

இந்த அமைப்பில் வளையம் அடைப்பது பிஸ்டனின் வெளிப்பரப்பை. துளையின் சுவரில் ஆங்காங்கே துரு தின்ற குழி இருந்தாலும் பெரும்பாலும் கசியாது. பிஸ்டனில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் கசியும். பெடலை மிதிக்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரில் இது அப்படியே தலைகீழ். அங்கே ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து ஓடுவதால் சுவர்தான் வழவழப்பாக இருக்க வேண்டும். ஜாகுவாரின் எக்ஸ்கே 150, தொடக்ககால ஈ-டைப் ஆகியவற்றில் வரும் டன்லப் கேலிப்பரும் இந்த இரண்டாவது ரகம்தான். தனி சிலிண்டர், பிஸ்டன்மேல் சீல், பிஸ்டனைப் பின்னிழுக்க உள்ளே தனியாக ஒரு ஊசி. அதில் சிலிண்டர் சுவரைப் பார்க்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றிப் பயனில்லை.

முதலில் கசிவது பிரேக் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். ஷாக் அப்சார்பர் ஆயிலும் சூட்டில் உருகிய வீல் பேரிங் கிரீஸும் அதே இடத்தில்தான் வழியும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கிளைக்கால் என்ற வேதிப்பொருளால் ஆன வழக்கமான பிரேக் ஆயில் கலந்து கரைந்துவிடும், மற்றவை மிதக்கும். (சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதுவும் தண்ணீரில் கலக்காது.) பிறகு கேலிப்பரை நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஹோஸ் சேரும் இடம், காப்பர் வாஷர், காற்றை வெளியேற்றும் ப்ளீடிங் நிப்பிள், இரு பாதிகளும் சேரும் கோடு, தூசியைத் தடுக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட்டின் அடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாஷர் கசிவைக் கேலிப்பர் கசிவாக நினைத்து முழுவதையும் பிரித்துப் போட்டவர்கள் நிறைய.

மிதித்துப் பிடித்தால் ஒரு சொட்டும் வராது, ஆனால் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் டயரின் உட்பக்கம் நனைந்திருக்கும். இது பலரையும் குழப்புகிற விஷயம். அழுத்தம் ஏறும்போது அந்த அழுத்தமே ரப்பரைப் பிஸ்டனோடு நெருக்கிவிடுகிறது. அழுத்தம் இல்லாதபோது ரப்பரின் சொந்த இறுக்கம் மட்டுமே காவல். வயதான ரப்பர் இறுகித் தட்டையாகி அந்த இறுக்கத்தை இழந்திருந்தால் ஆயில் மெல்ல ஊறி வெளியே வரும். எனவே 'மிதித்துப் பார்த்தேன், கசியவில்லை' என்பது சான்று ஆகாது.

இனி பிஸ்டன். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெளியே டஸ்ட் பூட் கிழிந்திருந்தால் மழை நீரும் சேறும் உள்ளே தங்கும். பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து நிற்கிறது. அப்படி வெளியே நிற்கும் பட்டையில்தான் குரோம் பூச்சு கொப்புளித்துத் துரு பிடிக்கிறது. அதுவரை கசிவு தெரியாது. ஒருநாள் புதுப் பேடு மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். துருப்பிடித்த பட்டை நேராகச் சீலின் மேலேறி அதைக் கீறிவிடும். 'புதுப் பேடு போட்டதிலிருந்து கசிகிறது' என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். பேடின்மேல் குற்றம் எதுவும் இல்லை.

கழற்றும் வேலையில் வரிசை முக்கியம். கேலிப்பர் வண்டியில் இருக்கும்போதே ப்ளீடிங் நிப்பிளையும் ஹோஸ் இணைப்பையும் சற்றுத் தளர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மேசைமேல் வைத்துத் திருகினால் நிப்பிள் ஒடியும். நிப்பிளுக்கு ஆறுமுக சாக்கெட்தான் சரி, திறந்த வாய் ஸ்பேனர் முனைகளை வழித்துவிடும். பிஸ்டனை வெளியே தள்ள காரின் சொந்த பிரேக் அழுத்தத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. பேடுகளை எடுத்துவிட்டு, கேலிப்பரை ஹோஸோடு டிஸ்க்கிலிருந்து விலக்கி, பெடலை மெதுவாக மிதித்தால் பிஸ்டன் நகர்ந்து வரும். ஒரு பிஸ்டன் முதலில் விழுந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், மற்றது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் சுலபமாக வருவதை கிளாம்ப் போட்டு நிறுத்தி, பிடிவாதமானதை முதலில் விளிம்புவரை கொண்டுவாருங்கள். இரண்டும் விளிம்புக்கு வந்த பின் ஹோஸைக் கழற்றிக் கையால் எடுக்கலாம்.

கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, பிஸ்டன்களுக்கு நடுவே மரக்கட்டை வைத்து, துணி சுற்றி, விரலை முற்றிலும் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கிய பிஸ்டன் விடுபடும்போது விரல் எலும்பை உடைக்கும் வேகத்தில் வரும். அதைவிட, நிப்பிள் துளையில் பொருந்தும் அடாப்டர் வழியாக கிரீஸ் கன்னால் தள்ளுவது பாதுகாப்பு. கிரீஸ் காற்றைப் போல அமுங்கிச் சுருங்காது, அதனால் பிஸ்டன் பாய்ந்து வராது. பிறகு ஒரு பொட்டு கிரீஸ்கூட உள்ளே மிஞ்சாமல் கழுவியாக வேண்டும், அவ்வளவுதான்.

கேலிப்பரின் இரு பாதிகளைப் பிரிக்கலாமா? அந்தக் கோட்டில் கசிவு இல்லையென்றால் பிரிக்காதீர்கள். பல தயாரிப்பாளர்களின் மேனுவலே பிரிக்கக் கூடாது என்கிறது. பாதிகளுக்கு நடுவே ஆயில் கடக்கும் துளையில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. சாதாரண கிட்டில் பெரும்பாலும் அது வராது. போல்ட்டுகளும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட் அல்ல. பிரித்தே ஆக வேண்டிய நிலை என்றால் அந்த வளையமும் சரியான போல்ட்டும் மேனுவலில் உள்ள டார்க் அளவும் (போல்ட்டை இறுக்க வேண்டிய விசை) கைக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

சீலை எடுக்க மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் முனை போதும். ஸ்க்ரூ டிரைவர் காடியின் விளிம்பில் கீறினால் அந்தக் கீறலே அடுத்த கசிவு. காடியின் அடியில் பாறை போல இறுகிய படிவு இருக்கும். அலுமினியக் கேலிப்பரில் அது வெள்ளைப் பொடி, வார்ப்பிரும்பில் பழுப்புத் துரு. வேலையின் உயிர்நாடி இந்த இடம்தான். படிவு சீலைப் பின்னாலிருந்து உள்நோக்கித் தள்ளும், புதுச் சீல் பிஸ்டனை நெரிக்கும், பிஸ்டன் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே ஓடிச் சக்கரம் சூடாகும். அப்போது 'கிட் சரியில்லை' என்று கிட்டைத் திட்டுவார்கள். காடியின் மூலைகள் கூர்மையாகத் தெரியும்வரை பித்தளை முனையால் சுரண்டி, பிரேக் கிளீனர் அல்லது ஸ்பிரிட்டால் கழுவி, உள் துளைகளில் காற்று ஊதி உலர்த்துங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பிரேக் சீலின் ரப்பர் அவற்றில் ஊறிப் பருத்துவிடும்.

பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நகத்தால் வருடும்போது நகம் தட்டினால் அந்தப் பிஸ்டன் போயிற்று. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டுவது வீண் வேலை. குரோம் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் அடியிலுள்ள இரும்பு வெளியே வந்து இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். புதிதாக வாங்குவதென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டன் நல்லது. துருப் பிரச்சினை தீர்வதோடு, சாதாரண இரும்பைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால் ஆயிலுக்குப் போகும் சூடும் குறையும். விட்டத்தை மட்டும் மைக்ரோமீட்டரில் பழையதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

பூட்டும்போது சீலையும் பிஸ்டனையும் புது பிரேக் ஆயிலில் நனைக்கலாம், அல்லது பிரேக் ரப்பருக்கென்றே வரும் சிவப்பு கிரீஸை மெல்லத் தடவலாம். சீல் காடிக்குள் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்தில் நேராக இறங்க வேண்டும். சாய்ந்து மாட்டினால் சுத்தியலைத் தேடாமல் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். சில பிஸ்டன்களின் முகத்தில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அது எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று மேனுவல் சொல்கிறதோ அப்படியே நிறுத்துங்கள், இல்லையேல் பிரேக் கத்தும்.

டிரையம்ப் டிஆர்6 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் கெர்லிங் நிறுவனத்தின் அங்குல மரை கேலிப்பரும், மெட்ரிக் மரை கேலிப்பரும் வந்துள்ளன. 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை கொண்ட ஆண் மரை, 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் உள்ள பெண் மரையில் தளர்வாக நுழைந்து இறுகுவதுபோலப் பாவனை செய்யும். அவசர மிதியில் பிடுங்கிக்கொண்டு வரலாம். கேலிப்பரை மாற்றினால் ஹோஸும் பைப்பும் எந்த மரை என்று அளந்து பார்க்காமல் மாட்ட வேண்டாம். ஹோஸ் பழையதென்றால் இத்தோடு மாற்றிவிடுங்கள். உள்ளே வீங்கிய ஹோஸ் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது. காப்பர் வாஷர் எப்போதும் புதிது.

ஏர் எடுத்தும் எடுத்தும் பெடல் பஞ்சுபோல இருந்தால், நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது கேலிப்பர்கள் மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே தங்கிய காற்று ஏழு ஜென்மத்துக்கும் வெளியே வராது. பெடலைத் தரைவரை மிதிக்கவும் வேண்டாம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகச் சீல் போகாத கடைசிப் பகுதியில் துரு இருக்கும்; அங்கே போய் வந்த சீல் கிழிந்து, நாளை வேறொரு கசிவு தொடங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஆயில் விஷயத்தில் டாட் 4 என்ற தரத்தின் கிளைக்கால் ஆயில் பெரும்பாலான பழைய கார்களுக்குப் போதும். தரவிதிப்படி அதன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 155. டாட் 3-க்கு 205, 140. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதன் காரணம் இந்த இடைவெளியில் தெரியும். டாட் 5 சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்ட்டையும் தின்னாது, ஆனால் மற்றதோடு கலக்கக் கூடாது. சிட்ரோயன் எஸ்எம், மாசராட்டி போரா போன்றவற்றில் ஓடுவது எல்எச்எம் என்ற பச்சை நிறத் தாது எண்ணெய். அவற்றில் டாட் ஆயிலையோ சாதாரணச் சீலையோ போட்டால் மொத்த அமைப்பும் பாழ். பாட்டிலில் விற்கும் 'கசிவு நிறுத்தி' மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவை ரப்பரை வீங்க வைத்து அடைக்கின்றன. கசிந்த சீல் மட்டுமல்ல, நன்றாக இருந்த சீல்களும் சேர்ந்து வீங்கும். பிரேக்கில் அதை ஊற்றவே கூடாது.

ஆயில் ஊறிய பேடைக் கழுவியோ சூடாக்கியோ மீட்க முடியாது. அச்சின் இருபுறமும் சேர்த்துப் புதிது போடுங்கள், இல்லையேல் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எல்லாம் மாட்டிய பின் சில நிமிடங்கள் பெடலை அழுத்திப் பிடித்துப் பார்ப்பது ஒரு சோதனை. கேலிப்பருக்குக் கீழே காகிதம் விரித்து ஓர் இரவு விட்டுப் பார்ப்பது இன்னொன்று. முன்னே சொன்ன காரணத்தால் இரண்டும் தேவை. காகிதம் உலர்ந்திருந்தால் காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, பத்து இருபது முறை மிதமாகப் பிரேக் பிடித்து, சக்கரங்களின் சூடு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு சாலைக்கு எடுக்கலாம்.

இப்படிக்கு,
பழைய கார்களின் பிரேக் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர்