பாப்பாவுக்கு, சாண்ட்விச் செய்முறையும் மற்றதும்

அன்புள்ள பாப்பா,

சிக்கன் பெஸ்டோ சாண்ட்விச் எப்படிச் செய்வது, ஒரு ஆளுக்கு என்ன அளவு என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தாய். பொங்கலுக்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான், அதனால் போனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா என்று முதலில் கேட்கச் சொல்கிறாள்.

பெஸ்டோ என்பது பேசில் இலைத் துவையல்தான், அதற்கு ஒரு ஆள் அளவு கிடையாது பாப்பா. கொஞ்சமாக இடித்தால் உரலில் ஒட்டுவதிலேயே பாதி போய்விடும். 60 கிராம் பேசில் இலை, 30 கிராம் பைன் கொட்டை, 50 கிராம் பார்மசான் சீஸ், 25 கிராம் பெகொரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ், பூண்டு ஒரு பல், கல் உப்பு, ஆலிவ் எண்ணெய் 70 மில்லி. இது குறைந்த அளவு. இரண்டு பேர் இரண்டு மூன்று தடவை சாப்பிடலாம். பைன் கொட்டை விலை அதிகம் என்றால் முந்திரி போடு, நான் கப்பலில் பல தடவை அப்படித்தான் ஒப்பேற்றியிருக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

முதலில் பூண்டையும் உப்பையும் நசுக்கு, அப்புறம் கொட்டை, அப்புறம் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உரல் சுவரோடு அழுத்தித் தேய். குத்தாதே. சீஸ் பிறகு, எண்ணெய் கடைசி. மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஜாரையும் பிளேடையும் ஃப்ரீசரில் வைத்து எடு, விட்டு விட்டு ஓட்டு. பிளேடு சூடானால் இலை கறுத்துவிடும்.

இத்தாலியில் ஜெனோவாவில் கப்பல் நிற்கும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். கன்டெய்னர் துறைமுகத்துக்கு நேர் மேலே மலைச்சரிவில் கண்ணாடிக் கூடாரங்கள், எல்லாம் பேசில். செடி ஒரு சாண் உயரும் முன்னே வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டி விற்பார்கள். இலை சின்னதாக, நடு வளைந்து கரண்டி மாதிரி இருக்கும். 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த பேசிலுக்குத் தனி முத்திரையே கொடுத்துவிட்டது. பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த ஊர்ப் பழைய அரண்மனையில் பெஸ்டோ இடிக்கும் உலகப் போட்டி நடக்கிறது, பளிங்கு உரலும் மர உலக்கையும்தான், மெஷினுக்கு இடமில்லை. அதெல்லாம் டப்ளினில் உனக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் தொட்டியோடு பேசில் விற்பார்களே, அதை வாங்கு. ஒரே தொட்டியில் நிறைய நாற்றை நெருக்கி வைத்திருப்பார்கள், பிரித்து நட்டு வெயில் வரும் ஜன்னலில் வை. உங்கள் பழைய வீட்டு ஹால் ஜன்னலில் வெயில் நன்றாக வரும் என்று சொல்வாய். இப்போதும் அந்த ஜன்னல்தானே?

நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் திருநீற்றுப்பச்சையும் அதே இனம்தான், சப்ஜா விதை தருவது. ஆனால் வாசனை காரம், இதற்குச் சரிவராது. துளசி வேண்டவே வேண்டாம்.

இப்போது கோழி. நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அப்படியே போட்டால் மெலிந்த பக்கம் நார் நாராகக் காயும், தடித்த பக்கம் உள்ளே வேகாது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து சப்பாத்திக் கட்டையால் தட்டி ஒரே தடிமனாக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்து அரை மணி நேரம் ஊற வை. எடுத்து டிஷ்யூவால் நன்றாக ஒற்று. இதில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். மேலே ஈரம் இருந்தால் கல்லின் சூடு முழுவதும் அதை ஆவியாக்கவே போய்விடும், கறி வேகுமே தவிர சிவக்காது. எண்ணெயைக் கறியில் தடவு, மிளகு தூவு, புகைய ஆரம்பித்த கிரில் தட்டில் போட்டுத் தொடாமல் விடு. பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம். உள்ளே 74 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. இறக்கி ஐந்து நிமிஷம் கழித்து நறுக்கு.

பசியோடு நிற்கும்போது அந்த ஐந்து நிமிஷம் பொறுக்க மாட்டாய், தெரியும். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்? போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு. உன் டீமில் நீதான் தலைமை என்று இங்கே பேக்கரிக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா, ஆனால் அப்பா அம்மாவுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்க முடியாத அளவுக்கு என்ன வேலை அம்மா அது?

மொறுமொறுப்புக்கு வருகிறேன். அம்மா கொடுத்தனுப்பிய தோசைக்கல் இருக்கிறதல்லவா, அதுதான் சரி. ரொட்டியின் வெளிப்பக்கம் மெல்லியதாக வெண்ணெய். உள்பக்கம் இரண்டிலும் மொசரெல்லா, தண்ணீரில் மிதக்கும் உருண்டை வேண்டாம், காய்ந்த கட்டி. இரண்டு பக்கமும் சீஸ் இருந்தால் கறியின் சாறு ரொட்டியில் இறங்காது. நடுவில் கோழி. சின்னத் தீயில், மேலே கனமான பாத்திரம் வைத்து அழுத்து. இரண்டு பக்கமும் பொன்னிறம் ஆனதும் திறந்து பெஸ்டோவைத் தடவி மூடு. பெஸ்டோவை அடுப்பில் காட்டாதே, நிறமும் வாசனையும் போய்விடும். தட்டில் வைக்காமல் கம்பி ஸ்டாண்டில் ஒரு நிமிஷம் வை, தட்டில் வைத்தால் அடியில் ஆவி கட்டி நமத்துப் போகும்.

மீந்த பெஸ்டோவின் மேல் எண்ணெய் ஊற்றி பிரிட்ஜில் நாலு நாள். பச்சைப் பூண்டு எண்ணெய்க்குள் இருப்பதால் வெளியே வைக்கவே கூடாது. இல்லையென்றால் ஐஸ் டிரேயில் உறைய வை, ஒரு ஆளுக்கு ஒரு கட்டி போதும்.

ஒரு ஆள் சமையல் எனக்குத் தெரியும் பாப்பா. கப்பலில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, குசினியில் நின்றபடி தனியாகச் சாப்பிட்டவன் நான். சட்டியிலிருந்தே சாப்பிடத் தோன்றும், அப்புறம் சமைக்கவே தோன்றாது. நீ தட்டில் வை, உட்கார்ந்து சாப்பிடு. மணப்பாடு அத்தை அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு எங்களிடம் பேசத் தயங்காதே. அவள் வேறு, நாங்கள் வேறு. இந்த வீட்டில் யாரும் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. டிக்கெட் போட்டு ஒரு மாசம் வந்து இருக்கிறாய் என்றால் பணம் நான் அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா பருப்புப் பொடியும் நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை கூரியரில் போட வேண்டும். முகவரி பழையதுதானா, மாறிவிட்டதா என்று மட்டும் எழுது.

அப்பா