கிஃப்ட் என்றால் விஷம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பேத்திக்கு நிச்சயதார்த்தம் முடிந்ததைப் படித்து மனசு குளிர்ந்தது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

போன வாரக் கூத்தைக் கேள். மகள் வீட்டு நிலவறையில் பழைய தகர டப்பா ஒன்று. மேலே மண்டையோடு, கீழே கொட்டை எழுத்தில் 'கிஃப்ட்'. எலிக்கு யாரப்பா அன்பளிப்பு வைத்தது என்று சிரித்தேன். பேரன் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினான். "தாத்தா, ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம்!"

விடுவேனா? ரெண்டு பேரும் அகராதியோடு உட்கார்ந்துவிட்டோம். இங்கிலீஷ் கிஃப்டும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். 'கொடு' என்கிற பழைய ஜெர்மானிய வேர். ஆதியில் ஜெர்மனிலும் இதற்குக் கொடை என்றுதான் பொருள். கிரேக்க வைத்தியத்தில் நோயாளிக்குத் தரும் மருந்தின் அளவுக்கு 'டோசிஸ்' என்று பேர். அதற்கும் 'கொடுத்தல்' என்றே அர்த்தம். டாக்டரிடம் நாம் கேட்கிற டோஸ் அதுதான். அந்த அர்த்தத்தை ஜெர்மன்காரன் தன் 'கிஃப்ட்' மேல் ஏற்றினான். நஞ்சை நஞ்சு என்று சொல்ல நாக்கு கூசியவர்களுக்கு 'கொடுத்தது' என்று சொல்வது வசதியாகப் போயிற்று. மெல்ல மெல்ல நல்ல அர்த்தம் கழன்றுவிட்டது. ஆனால் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன பொருள் தெரியுமா? பெண்ணோடு சேர்த்துக் கொடுக்கிற சீர், வரதட்சணை!

ஸ்வீடன், டென்மார்க், நார்வே பக்கம் இன்னும் வேடிக்கை. அங்கே 'கிஃப்ட்' என்றால் விஷமும் உண்டு, கல்யாணமானவர் என்றும் உண்டு. நீ இதை வைத்து என்ன ஜோக் அடிப்பாய் என்று தெரியும், அடிக்காதே. அது பெண்ணைக் கொடுப்பதில் இருந்து வந்த அர்த்தம். நாமும் 'அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறோம்' என்றுதானே சொல்கிறோம்? பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பெண்ணுக்காகத் தரும் பரிசப்பணத்தைக் குறித்தது. பன்மையில் சொன்னால் கல்யாணம்.

ராத்திரி படுத்த பிறகு நம் ஊர் ஞாபகம். ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். தெற்குத்தெரு பெரியவர் மருந்தைக் குடித்துவிட்டார் என்று வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்களே! "மருந்து குடிச்சா நல்லதுதானே, ஏன் அழுவுறாங்க?" என்று உன்னைக் கேட்டேன். நீ ஒன்றும் பேசாமல் உங்கள் உரக்கடைக்குக் கூட்டிப்போய் மேல்தட்டு டின்னைக் காட்டினாய். பருத்திக்கு அடிக்கிற மருந்து. அன்றைக்கும் மறுநாளும் ஊரில் ஒருத்தர் வாயிலும் 'விஷம்' என்ற சொல் வரவில்லை. மறுநாள் உன் அப்பா கடை திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு நேரில் வந்துவிடுவேன். தை பிறப்பதற்குள் டிக்கெட் கிடைக்குமா என்று மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கடை இப்போது யார் கையில் இருக்கிறது? எழுது.

உன்,
ராமசாமி