கருவாடு வேறு, அயோடின் வேறு: கண் முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் இலவசக் கண் முகாம் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். கண் ஆபரேஷன் தியேட்டரில் 26 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். உங்கள் முகாம்களால் பார்வை திரும்பியவர்கள் என் தெருவிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பக்கத்து எஸ்டேட் லயத்து அம்மா ஒருவர் கண்புரை ஆபரேஷனுக்காக மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே போனார். மறுநாளே ஆபரேஷன் ஆகாமல் திரும்பி வந்துவிட்டார். விசாரித்தேன். முகாமில் "ஏதாவது ஒத்துக்காதா?" என்று கேட்டிருக்கிறார்கள். "கருவாடு சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சிரும்" என்று இவர் சொல்ல, யாரோ அதைச் சீட்டில் 'அயோடின் அலர்ஜி' என்று எழுதிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் கண்ணைச் சுத்தம் செய்யும் மருந்தில் அயோடின் இருப்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காக, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி போய் வந்திருக்கிறார் 68 வயது மனுஷி.

மீன் ஒத்துக்கொள்ளாமல் போவது மீனில் உள்ள புரதத்தால். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "முன்னே எப்போதாவது புண்ணுக்கு அந்தப் பழுப்பு மருந்து, பீட்டாடின், போட்டு தோல் தடித்து கொப்புளம் வந்ததா?" ஆமாம் என்று சொன்னாலும் ஆபரேஷனை நிறுத்த வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக நீரில் கலந்த 0.05% குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி இருக்கிறது, டாக்டர் முடிவு செய்வார். அந்தக் குளோரெக்சிடினிலேயே ஸ்பிரிட் கலந்ததும் சோப்பு கலந்ததும் மட்டும் கண் பக்கமே வரக்கூடாது, கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடித்தால் பார்வையே போய்விடலாம். அந்தக் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, நோயாளியின் சொந்த இமையிலும் இமை முடியிலும் குடியிருப்பதுதான். அதனால்தான் இமை, புருவம், கன்னம் எல்லாம் 10% பொவிடோன் அயோடினால் (அதுதான் அந்தப் பீட்டாடின்) துடைத்து, கண்ணின் மேல் அதே மருந்தை 5% அளவில் சொட்டு விட்டு, குறைந்தது 3 நிமிடம் காத்திருக்கிறோம். இந்த மருந்து சீழ் பிடிப்பதைக் குறைக்கிறது என்று 1991லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். நான் பார்த்தவரை அந்த 3 நிமிடத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

ஆனால் மேசையில் படுத்திருப்பவருக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? ஒரு பாட்டியை இன்னும் மறக்கவில்லை. கொழுந்து பறித்துப் பறித்து கட்டைவிரல் ரேகையெல்லாம் கறுத்துப்போன கை. மரத்துப்போகும் சொட்டு விட்டிருந்தும், கண்ணில் மருந்து பட்டதும் "ஐயோ, ஆசிட்டு ஊத்துறாங்க" என்று கத்தி, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டார். முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம். பாட்டி மேல் தப்பே இல்லை. கொஞ்சம் எரியும், பழுப்பாக இருக்கும், கை வைக்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பார். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்தவர் அவர்.

அப்புறம் முகம். இங்கே உறைபனி மாதங்களில் முகம் வெடிக்காமல் இருக்க தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசாதவர் யார்? அதே பிசுக்கோடு, விபூதி குங்குமத்தோடு வேனில் ஏறிவிடுகிறார்கள். பிசுக்குக்கு மேல் தடவினால் மருந்து தோலில் படாது. கிளம்புகிற அன்று காலை வெந்நீரில் சோப்புப் போட்டு முகம் கழுவச் சொல்லுங்கள். கண்மை வேண்டாம். இமை ஓரத்தில் பொருக்கோ பீளையோ இருந்தால் முகாமிலேயே டாக்டரிடம் காட்டுங்கள், அதை முதலில் ஆற்றிவிட்டுத்தான் ஆபரேஷன்.

உங்கள் சீட்டில் ஆதார் நகல், மாற்றுத்துணி, துணைக்கு ஒரு ஆள், வேன் நேரம் எல்லாம் இருக்கிறது. அதன் கீழே இந்த நான்கு வரியும் சேரட்டும்: மருந்து பழுப்பாக இருக்கும், கொஞ்சம் எரியும்; கண்ணில் கை வைக்கக் கூடாது; கிளம்பும் காலையில் சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டும்; கண்மை வேண்டாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்ல ஒரு ஆள் வேண்டும், படுகர் ஊர்களில் படுக மொழியிலேயே சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி அதற்கு வரச் சம்மதித்திருக்கிறாள். அலர்ஜி கேள்வியைக் கேட்டு எழுதும் மேசையில் நான் உட்காருகிறேன். லயத்து அம்மாவின் பெயரை அடுத்த முகாமில் முதல் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தியேட்டர் நர்ஸ்,
கோத்தகிரி